எம்42 நடுவுல தெரியுற நாலு நட்சத்திரமும் நெபுலாவுக்கு உள்ளயா, முன்னாடியா?

இருட்டுத்தேடி:

வணக்கம் மக்களே. 6 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் வச்சிருக்கேன், 1200 எம்எம் ஃபோக்கல் லெங்த், கூட 25 எம்எம், 10 எம்எம் ஐபீஸ். ஓரியன் மேல ஏறிட்டா வேற எதையும் பாக்கத் தோணாது, நேரா வாளுக்கு நடுவுல எம்42, அதான் ஓரியன் நெபுலாவுக்கு போயிடுவேன். அதோட நடுவுல ட்ரபீசியம்ங்கற குட்டிக் கூட்டத்தோட நாலு நட்சத்திரமும் தனித்தனியா பளிச்சுனு தெரியுது, சுத்தி சாம்பல் கலர்ல புகை, அந்த நாலுக்கும் பக்கத்துலயே ஒரு கருப்பு வளைவு உள்ள குத்திக்கிட்டு வருது. என் சந்தேகம் இதுதான், நெபுலான்னா வாயுவும் தூசியும் சேந்த மேகம்ங்கறாங்க, அப்போ மேகத்துக்கு நடுவுல இருக்குற நட்சத்திரம் எப்படி மங்காம இவ்ளோ கூர்மையா தெரியுது? நிஜமாவே உள்ள இருக்கா, இல்ல நமக்கும் நெபுலாவுக்கும் இடையில எங்கயோ இருந்துக்கிட்டு நேர்கோட்டுல வந்து நிக்குதா?

இன்னொண்ணும் கேக்கணும். எம்57, அதான் வளைய நெபுலா, அதுக்கு நடுவுல ஒரு நட்சத்திரம் இருக்குன்னு படிச்சேன், எனக்கு வளையம் மட்டும் தான் தெரியுது, நடுவுல ஒண்ணுமில்ல. கார்த்திகைக் கூட்டத்துல அப்படியே தலைகீழ், நட்சத்திரமெல்லாம் ஜொலிக்குது, ஃபோட்டோவுல வர்ற நீலப் புகை துளிகூட இல்ல. ஒரு இடத்துல ரெண்டும் தெரியுது, ஒரு இடத்துல புகை மட்டும், இன்னொரு இடத்துல நட்சத்திரம் மட்டும். இதுக்குப் பின்னாடி ஏதாச்சும் ஒழுங்கு இருக்கா, இல்ல என் டெலஸ்கோப் பத்தலையா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

வான்மதி:

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. உங்க டெலஸ்கோப் மேல ஒரு குறையும் இல்ல, எம்42-க்கு 6 இன்ச் தாராளம்.

முதல் கேள்விக்கு பதில், ட்ரபீசியம் நெபுலாவோட சேந்தது தான், தற்செயலா நேர்கோட்டுல வந்ததில்ல. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி புகைக்கு மத்தியில புதைஞ்சும் இல்ல. ஓரியன் நெபுலாவுக்குப் பின்னாடி கண்ணுக்கே தெரியாத பெரிய மூலக்கூறு மேகம் ஒண்ணு இருக்கு, இருட்டா, குளிரா, அடர்த்தியா. அந்த மேகத்தோட நம்ம பக்கத்து ஓரத்துல ட்ரபீசியம் நட்சத்திரங்க பொறந்து, தங்களைச் சுத்தி இருந்த வாயுவை ஒளியாலயும் காத்தாலயும் தள்ளித்தள்ளி ஒரு குழி பறிச்சிடுச்சு. குழியோட வாய் நம்ம பக்கம் திறந்திருக்கு, ஒரு கிண்ணத்தை நம்மள பாத்து சாய்ச்சு வச்ச மாதிரி. நாம பாக்குற வெளிச்சம் பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தோட உள் சுவர்ல இருந்து வருது, நாலு நட்சத்திரமும் சுவருக்கு முன்னாடி, சுமார் 1 ஒளியாண்டு இந்தப் பக்கம் நிக்குது. அதனால தான் மங்கல. நெபுலாவே நம்மகிட்டருந்து 1,300 ஒளியாண்டு தூரத்துல இருக்குறப்போ 1 ஒளியாண்டுங்கறது ஒண்ணுமே இல்ல, அதான் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி தெரியுது.

இன்னொரு விஷயம், மேகம்னு கேட்டதும் ஏதோ கெட்டியா மனசுல வருது, ஆனா ஒளிர்ற இடத்துல ஒரு கன சென்டிமீட்டருக்கு சில ஆயிரம், ஜாஸ்தி போனா பத்தாயிரம் கிட்ட துகள் தான். லேப்ல நாம உண்டாக்குற வெற்றிடத்துல கூட அதை விட எக்கச்சக்கமா இருக்கும். பல ஒளியாண்டு நீளத்துக்கு அடுக்கிக்கிட்டு போறதால தான் அது நமக்கு புகையா தெரியுது.

நீங்க சொன்ன கருப்பு வளைவுக்கு மீன் வாய்னு பேர். அது குழியில ஓட்டை இல்ல, குழிக்கு முன்னாடி நம்ம பக்கம் மிதக்குற ஒளிராத வாயுவும் தூசியும், பின்னாடி வர்ற வெளிச்சத்தை மறைக்குது. ஒரே ஐபீஸ் வட்டத்துக்குள்ள முன்னாடி மறைக்கிற தூசி, நடுவுல நட்சத்திரம், பின்னாடி ஒளிர்ற சுவர்னு மூணு அடுக்கு கிடைக்குது, அடுத்த தடவ அப்படி ஆழமா யோசிச்சு பாருங்க, தட்டையா தெரிஞ்ச படம் எந்திரிச்சு நிக்கும். சுவருக்கும் பின்னாடி மேகத்துக்குள்ள இன்னும் நட்சத்திரம் இருக்கு, 1967-ல பெக்லின், நியூகெபாவர்னு ரெண்டு பேர் அகச்சிவப்புல ஒண்ண கண்டுபிடிச்சாங்க, அது நம்ம கண்ணுக்கு எந்த டெலஸ்கோப்லயும் தெரியாது. நீங்க கற்பனை பண்ணின "உள்ள புதைஞ்ச நட்சத்திரம்" அது தான்.

இப்போ அந்த ஒழுங்கு. நெபுலா தானா எரியாது, அதுக்கு ஒரு முதலாளி நட்சத்திரம் வேணும். ட்ரபீசியத்து நாலுக்கும் ஏ, பி, சி, டி-ன்னு பேர், எம்42-க்கு முதலாளி அதுல பிரகாசமான சி, அதாவது தீட்டா1 ஓரியானிஸ் சி. மேற்பரப்பு வெப்பம் 39,000 கெல்வின் கிட்ட, நம்ம சூரியன் வெறும் 5,800. அவ்ளோ சூடான நட்சத்திரம் தான் ஹைட்ரஜன்ல இருந்து எலக்ட்ரானை பிச்சு எடுக்குற அளவுக்கு புற ஊதாவ கொட்டும். மத்த மூணும் சேந்து குடுக்குறதை விட சி ஒண்ணே பல மடங்கு குடுக்குது, அது மட்டும் இல்லேன்னா எம்42 இந்த அளவுக்கு நமக்கு தெரிஞ்சே இருக்காது. நான் எந்த நெபுலாவுக்கு போனாலும் மொதல்ல அதோட நட்சத்திரம் எதுன்னு தேடிடுவேன், அது எவ்ளோ சூடு, எவ்ளோ பக்கம்னு தெரிஞ்சா புகை எப்படி தெரியும்னு பாதி அப்பவே புரிஞ்சிடும்.

பழைய_ரிஃப்ராக்டர்:

வான்மதி மேடம் சொன்னதுக்கு மேல கலர் விஷயம் மட்டும் சேக்குறேன், ஏன்னா தம்பி "சாம்பல் கலர்"னு எழுதிருக்காரு, ஃபோட்டோவுல சிவப்பா வர்றது ஏன் நமக்கு சாம்பலா தெரியுதுன்னு அடுத்து கேப்பாரு.

ஹைட்ரஜன் விடுற சிவப்பு 656.3 நானோமீட்டர், இருட்டுக்கு பழகின கண்ணு அந்த சிவப்புக்கு கிட்டத்தட்ட குருடு. ராத்திரி நம்ம கண்ணுல வேலை செய்யுற செல்லுங்க 500 நானோமீட்டர் சுத்தி தான் நல்லா உணரும், கலரும் பிரிக்காது. நெபுலாவுல ஆக்சிஜன் விடுற இன்னொரு பலமான கோடு, அதாவது ஒரே நிறத்து வெளிச்சம், 500.7, அது சரியா அங்க வந்து விழுது. அதனால நாம கண்ணால பாக்குற எம்42 பெரும்பாலும் ஆக்சிஜன் வெளிச்சம், கேமரா பாக்குறது பெரும்பாலும் ஹைட்ரஜன் வெளிச்சம். நடுப்பகுதி நல்லா பிரகாசமா இருக்குறதால அங்க மட்டும் கொஞ்சம் பச்சை சாயல் பல பேருக்கு தெரியும், ட்ரபீசியத்தை ஒட்டி இருக்குற இடத்தை கவனிச்சு பாருங்க.

இந்த 500.7 கோட்டுக்குப் பின்னாடி பெரிய கதையே இருக்கு. 1864-ல வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ மண்டலத்துல இருக்குற என்ஜிசி 6543-ஐ வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிக்கிற நிறமாலை கருவியில பாத்தாரு, அது கோள் வடிவ நெபுலா, அதாவது சாகுற நட்சத்திரம் உதறின வாயு. அதுவரைக்கும் நெபுலாவெல்லாம் பிரிச்சுப் பாக்க முடியாத நட்சத்திரக் கூட்டம் தான்னு நிறைய பேர் நம்பிக்கிட்டு இருந்தாங்க. நட்சத்திரமா இருந்தா தொடர் நிறமாலை வரணும், வந்தது விரல் விட்டு எண்ணுற அளவுக்கு சில கோடுங்க தான். வாயுன்னு அந்த ஒரே ராத்திரியில முடிவாயிடுச்சு. ஆனா பச்சைக் கோடு பூமியில எந்த தனிமத்தோடயும் ஒத்துப் போகல, புது தனிமம்னு நினைச்சு நெபுலியம்னு பேரெல்லாம் வச்சுட்டாங்க, 1927-ல ஐரா போவன் தான் அது ரெண்டு எலக்ட்ரான் இழந்த சாதாரண ஆக்சிஜன், இவ்ளோ அடர்த்தி கம்மியான இடத்துல மட்டும் தான் அந்தக் கோடு பலமா வரும்னு காட்டினாரு. 60 வருஷத்துக்கு மேல புதிரா இருந்த வெளிச்சத்தை தான் நீங்க ஒவ்வொரு தடவையும் பாக்குறீங்க, எனக்கு இது இன்னும் சலிக்கல.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், டெலஸ்கோப் எதுவும் புகையோட பரப்பு பிரகாசத்தை வெறும் கண்ணால பாக்குறதை விட கூட்டாது, பெருசு மட்டும் தான் பண்ணும். நட்சத்திரம் புள்ளி, அதுக்கு கண்ணாடி பெருசாக பெருசாக பிரகாசம் ஏறிக்கிட்டே போகும். உங்க 25 எம்எம்ல 48 மடங்கு, கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றை 3 எம்எம் கிட்ட. 10 எம்எம்ல 120 மடங்கு, கற்றை 1.25 எம்எம் தான், புகை நல்லா மங்கிடும், ஆனா நட்சத்திரம் இருட்டுப் பின்னணியில எடுப்பா வரும். நட்சத்திரமும் புகையும் ஒரே ஐபீஸ்ல ஒரே மாதிரி நடந்துக்காததுக்கு காரணம் இது தான், நீங்க கேட்ட மூணுலயும் இது ஒளிஞ்சிருக்கு.

இருட்டுத்தேடி:

அக்கா, சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, கிண்ணத்து சுவர் விஷயம் படிச்சதும் சிலிர்த்துடுச்சு, இத்தனை நாளா அதை ஒரு மேகமா தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்போ எம்57 எப்படி? அதுக்கும் முதலாளி நட்சத்திரம் இருக்கணும்ல, அது ஏன் தெரியமாட்டேங்குது? அப்புறம் யூஹெச்சி ஃபில்டர் ஒண்ணு வாங்கலாமான்னு யோசிக்கிறேன், கார்த்திகையோட புகை அதுல தெரியுமா?

வளையப்பித்தன்:

எம்57 பேரை பாத்ததும் ஓடி வந்துட்டேன்.

அங்க முதலாளி இருக்காரு, ஆனா எம்42 கதைக்கு நேர் எதிர். அங்க நட்சத்திரம் பொறக்குது, இங்க முடியுது. சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் வீங்கி, வெளி அடுக்கையெல்லாம் உதறிட்டு, மிச்சம் இருக்குற கரு மட்டும் நடுவுல நிக்குது. வெப்பம் 1 லட்சம் கெல்வினுக்கு மேல, சைஸ் ரொம்ப சின்னது. அவ்ளோ சூட்டுல அது விடுறதுல பெரும்பகுதி புற ஊதா, நம்ம கண்ணுக்கு எட்டாது, வளையம் அதை வாங்கி நமக்கு தெரியுற வெளிச்சமா மாத்திக் குடுக்குது. அதனால தான் நட்சத்திரத்தை விட அது எரிய வைக்கிற புகை பிரகாசமா இருக்கு. நட்சத்திரம் 15.8 மேக்னிட்யூட் கிட்ட (எண் ஏற ஏற மங்கல்னு அர்த்தம்), 6 இன்ச்ல நல்ல வானத்துலயே 13 தாண்டுறது கஷ்டம், அதுக்கு மேல வளையத்துக்குள்ளயும் மெல்லிசா வெளிச்சம் இருக்குறதால அதுல கரைஞ்சிடுது. பெரிய கண்ணாடி, அசையாத காத்து, நல்ல உருப்பெருக்கம் மூணும் சேரணும்.

ஆனா மனசு விட வேண்டாம், நடு நட்சத்திரம் உங்க 6 இன்ச்லயே தெரியுற கோள் வடிவ நெபுலா இருக்கு. மிதுன மண்டலத்துல என்ஜிசி 2392, நட்சத்திரம் பத்தரை மேக்னிட்யூட் தான், சுத்தி வட்டமா புகை, 120 மடங்குல அருமையா இருக்கும், ஓரியன் பாக்குற அதே ராத்திரியில பாத்துடலாம். சிக்னஸ்ல என்ஜிசி 6826 இன்னும் சுவாரஸ்யம், நட்சத்திரத்தை நேரா உத்து பாத்தா புகை காணாம போயிடும், பார்வையை கொஞ்சம் ஓரமா திருப்பினா புகை வந்து நட்சத்திரத்தையே மூடிடும், கண்ணை அப்படியும் இப்படியும் மாத்த மாத்த மினுக் மினுக்னு இருக்கும். பழைய_ரிஃப்ராக்டர் சார் சொன்ன புள்ளிக்கும் புகைக்கும் உள்ள வித்தியாசத்தை இதை விட தெளிவா வேற எந்த பொருளும் காட்டாது.

இன்னொண்ணு ரிஷப மண்டலத்துல என்ஜிசி 1514, நட்சத்திரம் ஒன்பதரை மேக்னிட்யூட் கிட்ட. 1790 நவம்பர்ல வில்லியம் ஹெர்ஷல் இதை பாத்துட்டு தான் தடுமாறினாரு. அவரும் அதுக்கு முன்னாடி, பெரிய டெலஸ்கோப் இருந்தா நெபுலாவெல்லாம் நட்சத்திரமா பிரிஞ்சிடும்னு நினைச்சுக்கிட்டு இருந்தாரு. இங்க சரியா நடுவுல ஒரே நட்சத்திரம், சுத்தி ஒரே சீரா வெளிச்சம். அந்த வெளிச்சம் தூரத்து நட்சத்திரக் கூட்டம்னா நடுவுல இருக்குறது நம்பவே முடியாத சைஸ்ல இருக்கணும், நடுவுல இருக்குறது சாதா நட்சத்திரம்னா சுத்தி இருக்குறது நட்சத்திரமே இல்லாத ஏதோ ஒளிர்ற பொருள். ரெண்டாவது தான் சரின்னு கருத்தை மாத்திக்கிட்டாரு. ஹக்கின்ஸுக்கு 74 வருஷம் முன்னாடி, நிறமாலை கருவியே இல்லாம, உள்ள இருக்குற நட்சத்திரத்தை மட்டும் வச்சு பிடிச்ச முடிவு! நீங்க கேட்டது கிட்டத்தட்ட அதே கேள்வி தான் தம்பி.

பைனாகுலர்_பிரியை:

ஃபில்டர் பத்தி நான் சொல்றேன். கார்த்திகைக்காக யூஹெச்சி வாங்காதீங்க, பிரயோஜனமில்ல. யூஹெச்சி, ஓ-த்ரீ எல்லாம் ஒளிர்ற வாயுவோட அந்த சில கோடுகளை மட்டும் விட்டு மத்ததை வெட்டுற ஃபில்டர். கார்த்திகையைச் சுத்தி இருக்குறது தூசி, அது தானா ஒளிரல, நட்சத்திர வெளிச்சத்தை திருப்பி அடிக்குது, அதனால அதுலயும் நட்சத்திரத்தோட முழு நிறமாலை தான் வரும், வெட்டினா ரெண்டும் சேந்து வெட்டுப்படும். 1912-ல வெஸ்டோ ஸ்லைஃபர் அந்தக் கூட்டத்து நட்சத்திரம் மெரோப்பே பக்கத்து புகையோட நிறமாலையை எடுத்துப் பாத்தாரு, நட்சத்திரத்தோடதும் அதுவும் ஒண்ணா இருந்துச்சு, பிரதிபலிப்பு நெபுலான்னு ஒரு வகை இருக்குன்னு அப்படித்தான் தெரிய வந்துச்சு. அங்க இருக்குற நட்சத்திரம் எதுவும் சி மாதிரி சூடு இல்ல, வாயுவை எரிய வைக்க அதுங்களால முடியாது.

ஆனா பாக்கவே முடியாதுன்னு இல்ல. 1859-ல டெம்பல் அந்த மெரோப்பே புகையை 4 இன்ச் ரிஃப்ராக்டர்ல தான் கண்டுபிடிச்சாரு. வேண்டியது கண்ணாடி சைஸ் இல்ல, இருட்டு. நல்ல இருட்டு வானத்துல, உருப்பெருக்கத்தை குறைச்சு, மெரோப்பேவுக்கு தெக்குப் பக்கமா பாருங்க. ஒரு எச்சரிக்கை, ஐபீஸ்ல ஈரம் படிஞ்சாலும் நட்சத்திரத்தைச் சுத்தி புகை மாதிரி தெரியும், நிறைய பேர் அதை பாத்துட்டு நெபுலா தெரிஞ்சுதுன்னு சந்தோஷப்படுறாங்க. சந்தேகம் வந்தா அப்படியே ரோகிணி பக்கத்துல ஹையடீஸ் கூட்டத்துக்கு திருப்புங்க, அங்க தூசி கிடையாது, அங்கயும் அதே புகை இருந்தா அது உங்க கண்ணாடியில இருக்கு.

இன்னொண்ணு, அந்த தூசி கார்த்திகை பொறந்த மேகத்தோட மிச்சம் இல்ல. அந்தக் கூட்டத்துக்கு வயசு 10 கோடி வருஷம் கிட்ட, பொறந்த இடத்து வாயுவெல்லாம் எப்பவோ போயிடுச்சு, இப்போ வழியில குறுக்க வந்த வேற ஒரு மேகத்தை கடந்து போய்க்கிட்டு இருக்கு. எம்42 பத்து இருபது லட்சம் வருஷக் குழந்தை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிலைமையை பாக்கணும்னா மோனோசெரஸ்ல ரோசெட் நெபுலா, உள்ள இருக்குற கூட்டம் என்ஜிசி 2244. அங்க நட்சத்திரங்க நடுப்பகுதியை முழுசா காலி பண்ணிடுச்சு, புகை சுத்தி வளையமா ஒதுங்கி நிக்குது. என் 10x50 பைனாகுலர்ல கூட்டம் சுலபமா கிடைக்கும், புகைக்கு தான் யூஹெச்சி வேணும், அங்க அந்த ஃபில்டர் காசுக்கு வேலை செய்யும். உங்க மொத கேள்விக்கு அங்க ஒரு நல்ல உதாரணமும் இருக்கு. அந்தக் கூட்டத்துல பளிச்சுனு மஞ்சளா தெரியுற 12 மோனோசெரோட்டிஸ் அந்தக் கூட்டத்து ஆளே இல்ல, நடுவழியில நிக்கிற நட்சத்திரம். கலரே காட்டிக் குடுத்துடும், நெபுலாவை எரிய வைக்கிற நட்சத்திரம் மஞ்சளா இருக்காது.

எம்42-க்கு ஃபில்டர் போடாதீங்கன்னு தான் நான் சொல்லுவேன், நட்சத்திரத்தோட அழகே போயிடும்.

பழைய_ரிஃப்ராக்டர்:

கடைசி வரியில மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். எம்42-ல ஃபில்டர் இல்லாம பாத்தா நடுப்பகுதி தான், யூஹெச்சி போட்டா ரெண்டு பக்கமும் இறக்கை நீண்டுக்கிட்டே போகும், கீழ சுத்தி வந்து கிட்டத்தட்ட மூடிக்கிற மாதிரி தெரியும். ட்ரபீசியம் மங்குறது உண்மை. அதனால ரெண்டு தடவ பாக்கணும், ஃபில்டர் இல்லாம நட்சத்திரத்துக்கு, ஃபில்டரோட புகைக்கு. அப்படியே மேல எம்43-யும் பாருங்க, கருப்புப் பட்டை ஒண்ணு குறுக்க போறதால தனி நெபுலா மாதிரி தெரியும், அதுக்கு முதலாளி வேற, என்.யூ. ஓரியானிஸ்னு அதோட நடுவுலயே ஒத்தையா நிக்கும்.

பைனாகுலர்_பிரியை:

சரி சார், இறக்கைக்காகன்னா ஒத்துக்குறேன். ஆனா தம்பி மொதல்ல ஃபில்டர் இல்லாம எம்78-யும் பாத்துடட்டும், ஓரியன்லயே இருக்கு, கார்த்திகை மாதிரி பிரதிபலிப்பு வகை, ஆனா 6 இன்ச்ல சுலபம். புகைக்குள்ள பக்கத்துப் பக்கத்துல ரெண்டு 10 மேக்னிட்யூட் நட்சத்திரம், புகையும் நட்சத்திரமும் சேந்தே தெரியும்.

இருட்டுத்தேடி:

எம்78 லிஸ்ட்ல சேத்தாச்சு. கடைசியா ஒண்ணே ஒண்ணு, ட்ரபீசியத்துல நாலுக்கு மேல அஞ்சாவது ஆறாவது தெரியும்ங்கறாங்களே, 6 இன்ச்ல வாய்ப்பு இருக்கா?

வான்மதி:

இருக்கு. ஈ, எஃப்னு ரெண்டு, 10, 11 மேக்னிட்யூட் ரேஞ்ச். பிரகாசம் பிரச்சனை இல்ல, பக்கத்துல இருக்குற பெரிய நட்சத்திரத்தோட கண் கூச வைக்கிற வெளிச்சம் தான் பிரச்சனை. ஈ வந்து ஏ-வுக்குப் பக்கத்துல, எஃப் வந்து சி-க்குப் பக்கத்துல, ரெண்டும் 4, 5 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில 3,600-ல ஒரு பங்கு தான் ஒரு ஆர்க்செகண்ட்) தான் தள்ளி. அதனால ஈ மொதல்ல மாட்டும், எஃப் சி-யோட கூச்சத்துல ஒளிஞ்சுக்கும். டெலஸ்கோப்பை வெளிய வச்சு கண்ணாடி குளிர்ற வரைக்கும் விடுங்க, கொல்லிமேஷன், அதாவது கண்ணாடிங்க நேரா இருக்கான்னு, சரி பாருங்க, ஓரியன் உச்சிக்கு வர்ற நேரத்துல 120 மடங்குல ஆரம்பிச்சு, காத்து அசையாம இருந்தா உருப்பெருக்கத்தை கூட்டுற பார்லோ லென்ஸ் போட்டு ஏத்துங்க. நட்சத்திரம் கொதிக்கிற மாதிரி ஆடினா அன்னிக்கு விட்டுடுங்க, எவ்ளோ முறைச்சுப் பாத்தாலும் வராது. 1617-ல கலிலியோ இங்க மூணு நட்சத்திரம் வரைஞ்சாரு, சுத்தி இருந்த நெபுலாவை அவர் குறிக்கவே இல்ல. ஈ 1826-ல ஸ்ட்ரூவ, எஃப் 1830-ல ஜான் ஹெர்ஷல், அவ்ளோ காலம் ஆச்சு.

ஈ, எஃப் தேடுறப்போ ஏ மேலயும் ஒரு கண்ணு வைங்க. ஏ ஒரு கிரகண இரட்டை, 65.4 நாளுக்கு ஒரு தடவ துணை நட்சத்திரம் முன்னாடி வந்து மறைக்கும், ஒரு மேக்னிட்யூட் கிட்ட மங்கும். சாதாரணமா ஏ-வும் டி-யும் ஏறக்குறைய சமமா இருக்கும், ஒரு ராத்திரி டி-யை விட ஏ பட்டுனு மங்கலா தெரிஞ்சா நீங்க கிரகணத்தை பிடிச்சிட்டீங்க. பி-யும் அப்படித்தான், அதுக்கு ஆறரை நாள் கணக்கு. உலகத்துலயே அதிகம் பாக்கப்பட்ட நட்சத்திரங்கள்ல ஒண்ணு ஏ, இருந்தும் அது மங்குதுன்னு 1970கள்ல தான் கண்டுபிடிச்சாங்க. அதனால ஒவ்வொரு தடவ பாக்குறப்பவும் நாலையும் பிரகாச வரிசையில நோட்டுல எழுதி, தேதியும் நேரமும் போட்டு வைங்க. ஈ கிடைச்சா அதையும் எழுதுங்க, எத்தனை மடங்குல கிடைச்சுதுன்னு இங்க சொல்லுங்க.